செகிஞ்சான் வட்டாரத்து நாலு நம்பரும் பகா எண்களும்: ஓர் ஆய்வு

கோலா சிலாங்கூர் முதல் செகிஞ்சான் வரை நம்பர் கடை வாசலில் நின்று எண்களைப் பற்றிப் பேசாத தமிழர் குறைவு. ஆயினும் எடுக்கும் நம்பர் வகுபடுமா, வகுபடாதா என்று எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

நம் எல்லை 0000 முதல் 9999 வரை. இதற்குள் அகப்படும் மிகப் பெரிய பகா எண் 9973. ஐயமுள்ளோர் 97 வரையுள்ள 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். தே தாரிக் ஆறுவதற்குள் முடியும். 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த பகா எண்ணுக்கோ 4,10,24,320 இலக்கங்கள். நான்கு நான்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி கட்டினால் 1,02,56,080 வெள்ளி ஆகும். தோட்டத்துச் சம்பளத்துக்கு 9973 போதும்.

இனி கள ஆய்வு. செகிஞ்சான் நெல் விளையும் ஊர், சீனர் அதிகம். அவர்களுக்கு எட்டு ராசி, நாலு ஆகாது. எட்டில் முடியும் பகா எண் ஒன்றுகூடக் கிடையாது. நம்மவர் மோகமோ வேறு. 2727 போல ஜோடியாக வரும் எண்களை எல்லாம் 101 வகுத்துவிடும் (0101 மட்டும் தப்பிக்கும், அது 101-தானே!). 3773 போலத் திருப்பிப் படித்தாலும் மாறாத எண்களை 11 வகுத்துவிடும்.

வரலாறும் கைகொடுக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்ட 1917, மெர்டேக்கா கிடைத்த 1957, மலேசியா பிறந்த 1963: மூன்றும் பார்வைக்குப் பகா எண்களே. ஆனால் முதலாவதை 71-உம், அடுத்ததை 19-உம், மூன்றாவதை 13-உம் உடைத்துவிடுகின்றன. தோட்டத் துண்டாடலைக் கண்ட தலைமுறைக்கு இது அதிர்ச்சி தராது.

நோயுற்ற ராமானுஜனைக் காண ஹார்டி ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729. அதுவும் 7, 13, 19 என மூன்றாக உடைவது. எனினும் ஃபெர்மா சோதனையில் பகா எண்ணாகவே நடித்து ஏமாற்றும். இங்கே என்றால் நோயாளி வீடு திரும்புமுன் அந்த நம்பரை உறவினர் அத்தனை பேரும் எடுத்திருப்பார்கள்.

ஒரு குலுக்கலில் 23 எண்கள் ஏறும். பத்தாயிரத்தில் பகா எண்கள் 1,229 என்பதால், சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவாக அவை பரிசு பெற வேண்டும். 0007-ஐ ஏற்காத கட்சியினர் 1,061 என்பர். கடைக்காரர் இரு கட்சியிடமும் அதே வெள்ளியைத்தான் வாங்குகிறார்.

9973-க்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, 8888-க்கும் அதுவே. இம்முடிவை நம்பர் கடை வாசலில் அறிவித்தபோது, பொறுமையாகக் கேட்டு முடித்த ஒரு பாட்டி எழுப்பிய ஒரே வினா:

"அதெல்லாம் சரி தம்பி, உன் மோட்டார் நம்பர் என்ன?"