தலைவர்கள் பேசுகிறார்கள், கைதட்டுங்கள்

நல்ல தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும்? சொல்லிக்கொடுக்க சென்னை ஈசிஆர் ரிசார்ட்டில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறார்கள். காலையில் பஃபே. பிறகு பவர்பாயின்ட். மாலையில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். சக மேலாளர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். நம்பிக்கை வளர்க்கிறார்களாம். திங்கட்கிழமை அலுவலகத்தில் அதே ஆட்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பயிற்சி தேவைப்படுவதில்லை.

பயிலரங்குக்குப் போகாமலே நாம் படித்துத் தேர்ந்த பாடங்கள் சில உண்டு.

முதல் குணம், தாராள மனம். அடுத்தவர் நேரத்தை அள்ளி வழங்கும் மனம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேச்சு வெளியே வந்தது; ஏலம் 90-க்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நாடே கொதித்தது. நிறுவனம் தேச நிர்மாணம் என்று விளக்கம் கொடுத்தது. அதற்கு மேல் வாயைத் திறந்தால் நீங்கள் தேசத்துக்கு எதிரி.

கணக்குப் போடுங்கள். 90 மணியை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஏறக்குறைய 13 மணி. ஓஎம்ஆர் நெரிசலில் போகவர மூன்று மணி. மிச்சம் எட்டு. அதில்தான் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளையின் டைரியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனைவியும் ஏதோ ஓர் அலுவலகத்தில் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார் என்பது தலைவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம்தான் என்று 1948-லேயே சட்டம் எழுதினார்கள். அவர்களுக்குத் தேச நிர்மாணம் தெரியாது போலிருக்கிறது. அப்போதுதான் தேசத்தை விடுதலை செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அரசாங்கத் தலைமை மட்டும் இளைத்ததா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பையில் கைவிட்டவர் கையை எடுத்ததற்கு விழா எடுத்துப் பாராட்டினோம்.

இரண்டாவது குணம், காது கொடுத்துக் கேட்பது. எல்லா மேலாண்மைப் புத்தகத்திலும் இது உண்டு. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றே ஒன்றை முக்கியமாகச் சொன்னார்கள்: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். அதைக் கேட்க வைக்க 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்குப் போலீசார் போராட்டப் பந்தலைப் பிரித்தார்கள். கைது செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. நல்ல காது.

மூன்றாவது குணம், துணிச்சல். அமெரிக்காவின் பெட்டர்.காம் தலைவர் விஷால் கார்க் 2021 டிசம்பரில் ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வீட்டுக்கு அனுப்பினார். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருந்தன. ஊர் காறித் துப்பியது. மன்னிப்புக் கேட்டார், விடுப்பில் போனார், ஜனவரியில் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அந்த 900 பேருக்குத் திரும்ப நாற்காலி இல்லை.

நான்காவது குணம், பொறுப்பேற்பது. அப்ரைசல் அறைக்குள் எட்டிப் பாருங்கள். “உனக்கு நாலு ரேட்டிங் வாங்கித்தர எவ்வளவோ ஃபைட் பண்ணேன்பா. பெல் கர்வ்ல அடிச்சிட்டாங்க.” அடித்தது யார்? மேலிடம். மேலிடம் யார்? அதற்கும் மேலே ஒரு மேலிடம். அதே புராஜெக்ட் நேரத்துக்கு முடிந்துவிட்டால் கிளையன்ட் மீட்டிங்கில் மேலிடம் காணாமல் போகும். “நான் நடத்திக் காட்டினேன்” என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வேலையை முடித்துவிட்டு கேப் பிடித்து வீட்டுக்குப் போனவன் பெயர் அந்த ஸ்லைடில் இருக்காது.

தியாகம், அர்ப்பணிப்பு, பசி, வேட்கை. எல்லாம் நமக்கு. சம்பளம் மட்டும் அவர்களுக்கு.

இதைப் பொறாமை என்பார்கள். சரி, சட்டத்தையே கேட்போம். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 197. ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் அந்த நிறுவனத்தின் இடைநிலை ஊழியர் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும். 90 மணி நேரம் கேட்ட தலைவரின் 2023-24 ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். 534 மடங்கு. தலைவர் ஓராண்டில் வாங்கியதை ஊழியர் சம்பாதிக்க, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அதுவும் இன்றைய சம்பளத்தில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் இந்த வித்தியாசம் தீர்ந்துவிடுமா?

எனவே, தலைமைக் குணங்களைத் தேடிப் பயிலரங்குக்கு அலையாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறங்கள். முன்னால் இருக்கும் சிரித்த முகங்களைத் தள்ளிவிட்டு, பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்த எண்ணைப் பாருங்கள். அடுத்த டவுன்ஹாலில் யாராவது கடின உழைப்பைப் பற்றிப் பேசும்போது அதைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும். சேர்ந்து கேளுங்கள். சங்கம் வைக்க 1926-லேயே சட்டம் வந்துவிட்டது.