உயிர்த்தெழ எந்த வாசல்?

கணியூர் டோல்கேட்டைத் திட்டாதவர் இந்தப் பக்கம் கிடையாது. நான் மட்டும் திட்டுவதில்லை. என்ன சாதி, எந்தத் தெரு என்று கேட்காமல் எல்லாரிடமும் காசு பிடுங்குகிற இடம் நம் நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? லேன் தனித்தனி என்றாலும் தாண்டிவிட்டால் ரோடு ஒன்றுதான்.

பக்கத்திலேயே கருமத்தம்பட்டி. அங்குள்ள ஜெபமாலை அன்னை கோயிலுக்கு 2019-இல் ரோமாபுரி பசிலிக்கா பட்டம் கொடுத்தது. கத்தோலிக்க வீட்டில் பிறந்து, பூசைக்குப் போவதை எப்போதோ விட்டவன் நான். ஆனாலும் பூசை இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய் உட்காருவேன். பிரசங்கம் கிடையாது, அறிவிப்பு கிடையாது. அழகு மட்டும் இருக்கும். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த தறிக்காரம்மா ஒருவர், முடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாளை எடுக்கிறார். கசங்கலைத் தொடையில் வைத்து நீவி, மடித்து, உண்டியலில் போடுகிறார். அந்த அம்மாவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை, அவர் பக்தியைக் காட்டி அதிகாரம் செய்கிறவர்களோடு.

இதே ஜெபமாலை அன்னைக்கு எறையூரிலும் கோயில் உண்டு. சமமாக நடத்துங்கள், முடியாதென்றால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று அங்கே தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி பதில் கிடைத்தது. ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்கள் அவர்கள் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவர் கையிலும் அடிபட்டவர் கையிலும் ஒரே ஜெபமாலைதான். தவக்காலத்தில் நடந்தது இது. மாமிசத்தைத்தான் விலக்கச் சொல்லியிருக்கிறது. அருவாளை விலக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தெற்கே வடக்கன்குளம் போங்கள். 1872-இல் எழுந்த பெரிய கோயில். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள், நடுவில் சுவர். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. சாமி ஒருவர், பூசை ஒன்று, நற்கருணை ஒன்று. பார்க்கிற கண் மட்டும் ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது. டோல்கேட்டில் வண்டிக்குத்தான் ஃபாஸ்டேக். இங்கே பிள்ளைக்குத் தொட்டிலிலேயே ஒட்டிவிடுகிறார்கள், ஞானஸ்நானத் தண்ணீரில் ஊறினாலும் உரியாத பசையில். 1910-இல் அங்கிருந்த பாதிரியார் கௌசானல் சாமி அந்தச் சுவரை இடித்தார். உடனே பக்திமான்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. இயேசுவால் புரியவைக்க முடியாததை வெள்ளைக்காரன் கோர்ட் புரியவைக்க வேண்டியிருந்தது.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றதும் அதே வடக்கன்குளத்தில்தான், 1745-இல். 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன் அவர் பெயருக்குப் பின்னால் தொங்கிய 'பிள்ளை'யை எடுக்கச் சொல்லி மனுப் போட வேண்டியிருந்தது. உயிரைக் கொடுத்தவருக்கே சாதி கழல இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. மாதச் சந்தா மட்டும் கொடுக்கிற நமக்கு எப்போது கழலுமோ!

இருக்கிறவன்தான் இப்படி, செத்தவனாவது சேர்ந்து கிடப்பானா என்றால், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரைக் கேளுங்கள். தலித் பிணம் ஒரு பக்கம், மற்ற பிணம் மறுபக்கம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எந்த வாசலில் எழுந்து நிற்பது என்ற குழப்பம் வந்துவிடக் கூடாது பாருங்கள்! புழுவுக்கு மட்டும் இன்னும் சுவர் தாண்டத் தடை போடவில்லை.

இந்த நாடகத்தில் டெல்லிக்கும் வேஷம் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்திக்கொண்டது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வாசலில் நிற்கிறார்; கேட்டால், உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே என்கிறார்கள். 2022-இல் இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் போட்டார்கள். ஆணையம் எதற்கு? திருச்சிக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் போதாதா?

ஆயர்கள் அதற்கும் மேல். ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு நாள். எங்கள் மக்களைச் சாதி நசுக்குகிறது, சலுகை கொடு என்று வீதியில் முழக்கம். நியாயமான முழக்கம்தான். ஊர்வலம் முடிந்து பீடம் ஏறியதும், கிறிஸ்துவில் நாமெல்லாம் ஒரே குடும்பம். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அச்சடித்த தாளால் கல்லறைச் சுவரில் ஒரு செங்கல்கூட அசையாது. கொடிமரத்துக்குத் தங்க முலாம் பூச ஒரு மாதத்தில் நிதி சேர்கிறது. சுவரை இடிக்க மட்டும் 'காலம் கனிய வேண்டும்'. இடிக்க நிதியே வேண்டாமே ஐயா!

"ஏனுங் கண்ணு, கோயிலுக்குள்ள வந்து உக்கார்றே, பூசைக்கு மட்டும் வர்றதில்லையாமா?" என்று சொந்தக்காரப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கோபுரத்தின் அழகு கொத்தனாருடையது, பக்தி அந்தத் தறிக்காரம்மாவுடையது. இரண்டையும் நான் கும்பிடுவேன். சுவர் உங்களுடையது. பூசைக்கு மணி அடித்து என்னைக் கூப்பிடாதீர்கள். கடப்பாரை எடுக்கிற அன்றைக்கு ஆள் அனுப்புங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.