குதிரையின் அபிப்பிராயம்

குதிரை வைத்திருப்போர்க்கென்று ஒரு சங்கம் காண வேண்டும், சேணம், கடிவாளம், லாடம், தீவனம், தைலம் ஆகிய சகல வஸ்துக்களையும் காசு கொடுத்து வாங்கியவர்களே அவற்றின் குணதோஷங்களை அதில் அச்சமின்றி எடுத்துரைக்க வேண்டும் என்ற பிரஸ்தாபம் எங்கள் நண்பர் குழாத்தில் எழுந்தபோது, அதன் காரியதரிசியாக என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்; காரணம், என்னிடம் குதிரை இல்லை. குதிரை இல்லாதவனுக்குப் பட்சபாதம் இராது என்பது அவர்கள் வாதம். அதே நியாயப்படி பொக்கிஷதாரராக எப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய சங்கம் இந்நாட்டுக்கு ஏறக்குறைய 700 ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்காக, பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை, தலைக்கு 220 பொன் தினார் வீதம் தருவிக்க ஏற்பாடாகியிருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார்; நடுக்கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசன் பொக்கிஷமே விலை கொடுக்க வேண்டும் என்றொரு ஷரத்தும் அதில் இருந்ததாம். கரையேறியவையும் நெடுநாள் தரிக்கவில்லை. அவற்றுக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துப் போட்டார்கள் என்றும், குதிரை வைத்தியம் அறிந்தவர்களை இக்கரைக்கு வரவிடாமல் வியாபாரிகளே தடுத்து வைத்தார்கள் என்றும் மார்க்கோ போலோ சொல்லுகிறார். குதிரை பிழைத்துவிட்டால் மறுவருஷம் வியாபாரம் ஏது? பரிகள் இரவோடு இரவாக நரிகளாய் மாறிய திருவிளையாடலும் அதே பாண்டிய நாட்டு மதுரையில்தான் நடந்தது. ஆனால் அங்கே குதிரைகளைக் கொண்டுவந்தவர் சாக்ஷாத் சொக்கநாதரே ஆதலால், அந்தப் புகாரைச் சங்கம் விசாரிப்பதற்கில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் அங்கத்தினர்களை ஒரு மரத்தடியில் கூட்டி, முதல் விசாரணையாகக் கொள்ளுத் தீவனத்தைப் பற்றிக் கேட்டேன். ஊறவைத்த கொள்ளே உத்தமம் என்றார் ஒருவர்; வேகவைக்காத கொள்ளு விஷம் என்றார் இன்னொருவர்; மூன்றாமவர், கொள்ளில் ஒன்றுமில்லை, எல்லாம் நெற்றிச் சுழியில் இருக்கிறது என்று சபையைச் சுழி சாஸ்திரத்துக்குத் திருப்பிவிட, பொழுது சாயும்வரை பேச்சு கொள்ளுக்குத் திரும்பவே இல்லை. சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த தைல வியாபாரி ஒருவர், சங்கத்துக்கு ஒரு பந்தலும் அங்கத்தினர்க்குத் தலைக்கு ஒரு புட்டித் தைலமும் தம் உபயமென்றும், தைலத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் போதுமென்றும் வினயமாகத் தெரிவித்தார். பொக்கிஷதாரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சங்கத்தின் சுதந்திரம் அன்றோடு முடிந்திருக்கும்.

இந்த விவகாரத்தில் அடிப்படையாக ஒரு விபரீதம் இருக்கிறது. விற்பவன் மனிதன், வாங்குபவன் மனிதன், சிபாரிசு செய்பவனும் மனிதன். அனுபவிக்கிற பிராணியோ வாய் திறப்பதில்லை. தின்றதைக் கக்கும் சக்திகூட அதற்குக் கிடையாது. வாங்கிய சரக்கைத் திருப்பித் தரும் உரிமையை இயற்கையே மறுத்துவிட்டபடியால், பூஞ்சை பிடித்த தீவனம் உள்ளே போனால் வயிற்றுவலியால் புரண்டு, சில வேளை பிராணனையே விட்டுவிடுகிறது. ஆயினும், பார்க்கத் தெரிந்தவனிடம் அது தன் அபிப்பிராயத்தை மறைப்பதில்லை. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைக் கவனியுங்கள். வியர்வை இருபுறமும் சீராகப் படர்ந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே ஓரிடம் மட்டும் உலர்ந்து கிடந்தால், பெரும்பாலும் சேணம் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். அதையும் அலட்சியம் செய்தால், நாளடைவில் அவ்விடத்து ரோமம் வெளுத்து முளைக்கும். கருங்குதிரையின் முதுகில் அப்படித் தோன்றும் வெள்ளைத் திட்டு, சேணக்காரருக்கு அது எழுதிக்கொடுத்த நற்சாட்சிப் பத்திரம்.

ஆகவே அடுத்த ஆடிச் சந்தைக்கு வருகிற அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சேணத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் குதிரையையும் கூடவே அழைத்து வர வேண்டும், தைலத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் அதை வாங்கிய ரசீதைக் கொண்டுவர வேண்டும். வியாபாரிகளும் தாராளமாக வரலாம். காபிக்கு அவரவர் காசு.