தொடை தட்டும் சாஸ்திரம்

அண்ணாகிராமத்துத் தேநீர்க் கடையில் பிரதி மாலையும் கூடுகின்ற பண்டித சபையானது, கல்லூரிக் கபடியில் எதிரணிகளைச் சூறையாடி வருகின்ற உள்ளூர் வாலிபர் ஒருவர் புரோ கபடியிலும் சோபிப்பாரா என்னும் மகத்தான பிரச்சினையை, கண்ணாடித் தம்ளரில் ஆடை படிவதையும் பொருட்படுத்தாது ஆராய்ந்து வருகிறது. பண்ருட்டிப் பலாவைத் தட்டியே சுளையின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிற மகாஜனங்களுக்கு, ஒரு வாலிபர் தொடை தட்டும் சத்தத்தைக் கேட்டு அவர் எதிர்காலத்தைக் கணிப்பதா பிரமாதம்!

சபையில் சந்தேகப் பிராணி ஒருவரும் உண்டு. 2022-இல் புரோ கபடியின் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத் என்னும் மகாவீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலமெடுத்ததையும், அவர் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார நேர்ந்ததையும், அவரில்லாத அணி தன் சரித்திரத்தில் முதன்முறையாக அரையிறுதியை எட்டியதையும் அந்தச் சந்தேகப் பிராணி விஸ்தாரமாக நினைவூட்டினார். ஆகவே, நம் வாலிபரையும் பெருந்தொகைக்கு வாங்கிப் பெஞ்சில் அமர்த்துவதே அணிக்கு க்ஷேமம் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.

வாலிபரோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.