மொய்யாகப் போன சடையங்குப்பம்

மணலிப் பக்கம் வெள்ளம் வந்தால்தான் சடையங்குப்பம் செய்தியில் அடிபடும். 1742-இல் மழையே இல்லாமல் அடிபட்டது. ஊர்க்காரர்கள் ஒரு பாவமும் அறியார்கள். ஆற்காட்டு நவாபின் நாற்காலி காலியானதுதான் காரணம்.

நவாப் சப்தர் அலி, வேலூர்க் கோட்டையில் இருந்த தன் சகோதரி புருஷன் முர்தஸா அலியிடம் பணப்பாக்கியைக் கறாராகக் கேட்டுவிட்டார். அவரோ முதலில் விஷம் வைத்துப் பார்த்தார். வேலைக்காகவில்லை. பிறகு ஆள் வைத்துக் கத்தியால் கணக்கை முடித்தார். கையோடு ஆற்காட்டுக்குப் போய்த் தானே நவாப் என்று உட்கார்ந்தும்விட்டார். சிப்பாய்களுக்கு யார் நவாப் என்பதில் பெரிய அக்கறை இல்லை. சம்பளப் பாக்கியைத்தான் கேட்டார்கள். புது நவாப் ராத்திரியோடு ராத்திரியாகப் பெண் வேடம் போட்டு, மூடுபல்லக்கில் ஏறி, தோழிகள் சூழ வேலூருக்குத் திரும்பினார்.

சப்தர் அலியின் சின்னப் பையன் அப்போது சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்பில் இருந்தான். விடுவார்களா? அவனையே நவாபாகக் கொண்டாடினார்கள். பட்டாபிஷேகத்துக்கு வந்தவர்கள்தான் மொய் வைப்பது வழக்கம். இங்கே மாப்பிள்ளை வீட்டாரே விருந்தாளிக்கு வைத்தார்கள். எர்ணாவூர், சடையங்குப்பம், வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் என்று ஐந்து ஊர்கள் கவர்னர் பென்யனின் கம்பெனிக்குப் போயின. ஊர்களைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள்.

1743-இல் நவாப்களுக்கு மேலதிகாரியான ஹைதராபாத் நிஜாம் படையோடு ஆற்காட்டுக்கு வந்தார். சின்னச் சின்னக் கோட்டைக்காரர்கள்கூட நவாப் என்றே அறிமுகமாக, ஒரே நாளில் பதினெட்டு நவாப்களைப் பார்த்துவிட்டதாகச் சலித்துக்கொண்ட அவர், இனி எவனாவது அப்படிச் சொன்னால் சவுக்கடி என்றாராம். ஆற்காட்டுக்கு அவர் நியமித்த ஆள் கிளம்ப வேண்டிய காலையில் படுக்கையிலேயே பிணமாகக் கிடந்தார். அடுத்து வந்தவர் அன்வருதீன். பையனையோ 1744-இல் ஆற்காட்டுக் கல்யாண வீட்டில் பட்டாணியர்கள் குத்திக் கொன்றார்கள்.

ஒருவர் கையில் எல்லாமே இருக்கிற ராஜ்யத்தில், அவர் கண்ணை மூடியதும் அடுத்தது யார் என்பதற்குச் சட்டம் கிடையாது. சிப்பாயின் பாக்கியும், வாரிசை வைத்திருப்பவனின் பேரமும்தான் முடிவு செய்யும். இந்தப் பாடத்தை நவாப்கள் படிக்கவில்லை. கம்பெனி மனப்பாடம் செய்தது. 1801-இல் நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். நிபந்தனைக்கு மசியாத மகனை ஒதுக்கிவிட்டு, மசிந்த உறவினர் அசீம்-உத்-தௌலாவை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியது கம்பெனி. இந்தத் தடவை மொய், ஆற்காட்டு நவாபின் கர்நாடக ராஜ்யம் மொத்தமும்.