384 பேர் தேவை

இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழுந்து, "ரெண்டே நிமிஷந்தாங்ணா" என்று கூடவே ஒரு கும்பிடும் வந்தால், அது அவர்தான். பகலில் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மிச்ச நேரத்தில் மேலாண்மைத் துறையில் பகுதிநேர பிஎச்.டி. ஸ்காலர். தலைப்பு: திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பணித் திருப்தி.

"நான் வங்கியில்ல இருக்கேன்?"

"செக்கிங் செக்‌ஷன்னு போட்டுக்கங்ணா."

உள்ளே நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொடுத்துவிட்டுப் போன அளவுகோல். ஸ்காலரின் அத்தைமார் நாற்பதுக்கும் முற்றிலும் உடன்பட்டுவிட்டார்கள். பையன் படிப்பு விஷயமாயிற்றே!

எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்பதற்கான இந்த 384, கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் இருக்கிறது. பத்து லட்சம் பேருக்கும் 384 போதும். ஆனால் எல்லோருக்கும் சம வாய்ப்பு வைத்துக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். நம்மவர் எண்ணை வைத்துக்கொண்டு குலுக்கலை விட்டுவிட்டார். 'கன்வீனியன்ஸ் சாம்ப்ளிங்' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

களத்துக்கே போகவில்லை என்று சொன்னால் பாவம். ஒருநாள் போனார். ஒரு டெய்லரம்மா ஃபார்மைத் தொடாமல், மூன்று கம்பெனி ஏன் மாறினார் என்று முக்கால் மணி நேரம் பேசினாராம். பீஸ் ரேட்டு, ஒன்றரை ஷிப்ட், ஊர்த் திருவிழாவுக்குக் கிடைக்காத லீவு, பிள்ளையின் பள்ளிக்கூடம்.

"அப்புறம்?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டமில்லீங்ணா. விட்டுட்டேன்."

அப்படிப் பதினைந்து பேரைப் பேசவிட்டுக் கேட்டிருந்தால் அதுவே ஆய்வு. ஆனால் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் போட முடியாதது எதுவும் அவர் காதில் ஏறாது. வாக்கியங்களின் ஒத்திசைவைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தொடும்வரை அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுவதில் மட்டும் அபாரப் பொறுமை.

சான்டர்ஸ் குழுவினரின் ஆய்வுமுறைப் பாடநூலில் ஒரு வெங்காயப் படம் உண்டு. வெளித்தோல் ஆய்வுத் தத்துவம். உரித்துக்கொண்டே போனால் நடுவில்தான் தரவு. இவரோ நடுவை முடித்துவிட்டு, சினாப்சிஸ் கொடுக்கும் வாரத்தில் தோல் தேடிக் கிளம்பினார்.

"பாசிட்டிவிசமா, இன்டர்பிரட்டிவிசமா சார்?"

கைடு நிமிரவில்லை. "உன் சீனியர் என்ன போட்டான்?"

"பிராக்மாட்டிசம் சார்."

"அதையே போடு. எதுக்கும் சேரும்."

வைவாவில் வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "பிராக்மாட்டிசம்னா ஒரு பிரச்சினையிலிருந்து தொடங்கணுமே. நீங்க எந்தப் பிரச்சினையை எடுத்துக்கிட்டீங்க?"

"அதை லிமிடேஷன்ஸ்ல சொல்லியிருக்கேனுங்க சார்."