பெஞ்சிலிருந்து பார்த்த பாரதப் போர்

போருக்குப் போகிறவனுக்கு வாள் கிடைக்கும், கதாயுதம் கிடைக்கும், குறைந்தது ஒரு பட்டமாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது பெஞ்சில் ஓர் ஓரமும் ஒரு ஜோடி கைத்தாளமும்தான். செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா ஒன்றில் நான் தாளக்காரன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜமாவில் வாத்தியார் பட்டம் ஏற்கெனவே ஒருவருக்கு இருப்பதால் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறார்கள். மரியாதை அத்தோடு முடிந்தது.

பழைய போர்களை வேஷம் கட்டி மறுபடி நடத்திப் பார்க்கும் ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில் 1958-லிருந்து ஒரு குழல்-முரசுக் குழு உண்டு. பத்திலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாய் உடுப்பில் வாசித்துக்கொண்டே அணிவகுத்துப் போகிறார்கள். அந்தக் காலத்துப் படையில் எழுந்திரு, சாப்பிடு, நட, பின்வாங்கு எல்லாவற்றையும் முரசுதான் சொல்லும். துப்பாக்கிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்பதால் குழலுக்கு உச்சக் குரல். இப்படிப் போர் நடத்துகிற கூட்டங்களில், சட்டையிலுள்ள பித்தான் எந்த வருடத்து மாதிரி என்று மல்லுக்கு நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் அர்ச்சுனன் ஒருமுறை கைக்கடிகாரத்தோடு தபசு மரம் ஏறிவிட்டான். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. “தவத்துக்குப் போறவனுக்கு மணி தெரிய வாணாமா?” என்று கோமாளியான கட்டியங்காரன் கேட்டதோடு சரி. சபை சிரித்தது, சிவபெருமான் பாசுபதம் கொடுத்தார்.

எங்கள் குழல் முகவீணை. சீவாளி வைத்து ஊதுகிற சின்ன வாத்தியம்; நீளத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் இரவு பத்து மணிக்குக் களரி கட்டும்போது அது ஒரு இழுப்பு இழுத்தால் அடுத்த ஊரில் பாதிப் பேர் எழுந்து உட்காருவார்கள். மைக் செட் வருவதற்கு முன்னால் கூத்துக்கு விளம்பரமே அதுதான். எங்கள் முகவீணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். வாயில் சீவாளி இல்லாத நேரத்தில் வெற்றிலை இருக்கும். ஆகவே அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கூடவே மிருதங்கம், ஆர்மோனியம், பின்பாட்டு, கடைசியில் நான்.

கூத்தில் எங்கள் பெஞ்சு ஆடுகிறவர்களுக்குப் பின்னால் இருக்கும். ஊர் சனம் ராஜாக்களின் முகத்தைப் பார்க்கிறது. நாங்கள் விடிய விடிய முதுகைப் பார்க்கிறோம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் முன்பக்கம் தகதகவென்று மின்னும். பின்பக்கம் பார்த்தால் சணல் கயிறு, ஊக்கு, நனைந்த பனியன், யாரோ அவசரத்தில் போட்ட மூன்று முடிச்சு. குருக்ஷேத்திரத்தில் எந்த மகாரதிக்கு இடுப்புப் பிடிப்பு, எவனுக்கு இரவுச் சாப்பாடு சரியில்லை என்பது பெஞ்சுக்குத் தெரியும், வியாசருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட எங்களைப் பாடாய்ப் படுத்துவது திரைப் பிரவேசம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே துரியோதனன் சலங்கை குலுக்குவான், விருத்தம் பாடுவான், திரைக்கு மேலே கிரீடத்தை மட்டும் காட்டுவான். வெளியே வர மாட்டான். “இன்னும் ரெண்டு சுத்து அடி சார், ராசாவுக்குக் கச்சை அவுந்து போச்சி” என்று மிருதங்கக்காரர் காதில் சொல்வார். அடிப்பேன். முகலாயத் தளபதி சுல்பிகர் கானை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 1690-லிருந்து 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருடம், இதே செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு வெளியே கிடந்த மனிதர். கடைசியில் கோட்டை கைக்கு வந்தபோது உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். எங்கள் திரை விலகும்போது துரியோதனனாவது இருக்கிறான்.

திரௌபதி இரண்டாவது முறை தோன்றியது செஞ்சியில்தான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. பக்கத்திலுள்ள மேலச்சேரி கோயிலைத்தான் திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் மூலம் என்பார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து வரும். அஸ்தினாபுரத்துக்காரர்கள் வந்து கேட்டாலும் பாரதத்தை நாங்கள் திருப்பித் தருவதாக இல்லை.

பதினெட்டாம் போர் படுகளம் பகலில் நடக்கும். மைதானத்தில் துரியோதனனைக் களிமண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள், தொடையில் சிவப்புக் கரைசல் மறைந்திருக்கும். வேஷம் கட்டிய துரியோதனன் அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓட, பீமன் கதையோடு துரத்த, பின்னால் ஊரே ஓடும். ஊருக்கும் பின்னால் நாங்கள்! மிருதங்கம் இடுப்பில் துண்டால் கட்டியிருக்கும். ஆர்மோனியம் ஒருவர் கழுத்தில் தொங்கும். முகவீணைக்காரர் ஓடிக்கொண்டே ஊதுவார். எழுபது வயதில் அந்த மூச்சு எங்கிருந்து வருகிறதோ, பீமனுக்கு அதில் பாதி கிடையாது. தொடையில் அடி விழுந்து பாஞ்சாலி கூந்தல் முடிகிற வரை வாத்தியம் நிற்கக்கூடாது. நின்றால் பீமனும் நின்றுவிடுவான். சபதம் முக்கியம்தான், ஆனால் அவனுக்கு ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வேறு.

தேசிங்கு ராஜன் கூத்துக்கும் அச்சாரம் வருவதுண்டு. நிஜத் தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி மாண்டபோது வயது இருபத்திரண்டு. செஞ்சியை ஆண்டது பத்து மாதம்போல. கல்யாணப் பந்தலில் இருந்து நண்பன் மோவுத்துக்காரன் எழுந்து சண்டைக்கு வந்தான் என்கிறது கதைப்பாட்டு. எங்கள் தேசிங்கு பேரன் எடுத்தவர். அது பரவாயில்லை, குதிரைக்குத்தான் ஆள் கிடையாது. அந்தக் குதிரை முழுக்க மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கிறது. குளம்பு அங்கே விழ, கனைப்பு முகவீணையில் வர, தேசிங்கு சும்மா குதித்தாலே போதும். வாத்தியத்தை நிறுத்திப் பாருங்கள், குதிரையும் போச்சு, கோட்டையும் போச்சு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. அதற்குப் பிறகு ஊருக்குள் பாரம்பரியம் என்ற சொல் அதிகம் நடமாடுகிறது. ஒரு விழாக் குழுவினர் வாத்தியாரிடம் வந்து, பாரதத்தைப் பதினைந்து நிமிடத்தில் போட முடியுமா, பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். “பதினஞ்சு நிமிசத்துல துரியோதனன் தெரைய வுட்டே வர மாட்டானே” என்றார் வாத்தியார். அப்படியானால் அந்தக் கீச்சுக் குழலையாவது விட்டுவிட்டு ஒரு கீபோர்டு வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். முகவீணைக்காரர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு அந்த அச்சாரம் வரவில்லை.

ஆனால் கீபோர்டு பல ஜமாக்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது உண்மை. அதற்கு மூச்சு வாங்காது, சீவாளி உடையாது, படுகளத்தில் மட்டும் அதனால் ஓட முடியாது. முகவீணை ஊத ஆள் கிடைப்பது வரவர அரிதாகிறது. எங்களவருக்கு இன்னும் ஒரு சீடன்கூட அமையவில்லை. உங்கள் வீட்டில் மூச்சுள்ள பையனோ பெண்ணோ இருந்தால், காது கிழிகிறது என்று திட்டாமல், செஞ்சிப் பக்கம் அனுப்பி வையுங்கள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. விடியற்காலை டீக்கு நான் பொறுப்பு.